காத்திருக்கத் தெரிந்த கம்பெனி... புளியங்குடிக்குப் பக்கத்தூர்ப் பாடம்!

புளியங்குடியில் எலுமிச்சைக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று சித்திரை விலை. இன்னொன்று ஐப்பசி விலை. வெயில் கொளுத்தும் நாளில் ஒரு பழத்துக்கு வீட்டில் பெண்கள் கணக்குப் பார்ப்பார்கள். ரசத்தில் பாதிப் பழம் பிழிந்தாலே பெரிய விஷயம். மழை இறங்கிவிட்டால் அதே பழம் மூட்டை மூட்டையாக மண்டியில் குவிந்து கிடக்கும். விற்ற காசு பறிகூலிக்கே கட்டவில்லை என்று தோட்டக்காரர்கள் புலம்புவார்கள்.

'எலுமிச்சை நகரம்' என்ற பட்டப்பெயர் புளியங்குடிக்குச் சும்மா வரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத் தோட்டங்களில் பறிக்கும் பழம் இந்த ஊர்ச் சந்தைக்குத்தான் வருகிறது. பெருவெட்டு, சிறுவெட்டு, பச்சை, மஞ்சள் என்று பிரித்துப் போடுவார்கள். ஏலம் முடிந்ததும் பெரும்பகுதி செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு வண்டி ஏறிவிடும். அங்கே வெயிலடித்தால் இங்கே விலை ஏறும், அங்கே மழை பெய்தால் இங்கே விலை சரியும். தன் தோட்டத்துப் பழத்தின் விலை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வானத்தைப் பார்த்து முடிவாகிறது என்பது இங்குள்ள விவசாயிக்குப் பழகிப்போன விஷயம்.

விலை பிடிக்கவில்லையா, பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம்தானே? முடியாது. எலுமிச்சை நெல் இல்லை. பறித்து ஒரு வாரம், பத்து நாளில் தோல் சுருங்கிவிடும், சாறு வற்றிவிடும். எடையும் குறையும். இன்றைக்கு வந்த பழத்தை இன்றைக்கே விற்றாக வேண்டும். வாங்குபவருக்கு அந்த அவசரம் கிடையாது. இன்று இல்லையென்றால் நாளை, இந்த மண்டி இல்லையென்றால் வேறு மண்டி. இந்த வியாபாரத்தில் விலையைத் தீர்மானிப்பது, யாரால் காத்திருக்க முடியும் என்கிற ஒரே ஒரு விஷயம்தான்.

இங்கிருந்து கடையநல்லூர் வழியாகத் தென்காசி தாண்டினால் மத்தளம்பாறை. குற்றால மலையைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஊர். அங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. 'யார் காத்திருக்க முடியும்' என்கிற அதே கேள்வியை வைத்துத்தான் அந்த நிறுவனத்தின் கதையையும் சொல்ல முடியும்.

வேண்டாம் என்று சொன்ன பணம்

ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இன்று தென்காசி மாவட்டத்தில் குறைவு. வேட்டி சட்டையில் சைக்கிள் ஓட்டும் படங்கள் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியபடியே இருக்கின்றன. ஆனால் சைக்கிளும் வேட்டியும் கதையின் கடைசிப் பகுதி. ஆரம்பம் வேறு.

அப்பா சென்னை உயர் நீதிமன்றத்தில் ஸ்டெனோகிராபர். நடுத்தரக் குடும்பம், தமிழ்வழிப் பள்ளி. 1989-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பட்டம். பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அடுத்து குவால்காம் நிறுவனத்தில் வேலை. இத்தோடு நிறுத்தியிருந்தாலே ஊரில் 'நல்லா செட்டில் ஆயிட்டான்' என்று சொல்லியிருப்பார்கள்.

1996-ல் டோனி தாமஸோடும் தன் சகோதரர்களோடும் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அட்வென்ட்நெட். தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கு, அந்தக் கருவிகளின் வலைப்பின்னலைக் கண்காணிக்கும் மென்பொருளை விற்பதுதான் தொழில். சென்னையில் தாம்பரம் பக்கம் சிறிய இடத்தில் பொறியாளர்கள் வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில். சொந்தப் பணத்தில் தொடங்கி, விற்று வந்த பணத்தில் வளர்ந்த கம்பெனி அது.

1999, 2000 என்பது அமெரிக்காவில் பணம் மழையாய்க் கொட்டிய காலம். பெயருக்குப் பின்னால் 'டாட் காம்' இருந்தால் போதும், முதலீட்டாளர்கள் காசோலையோடு வந்து நின்றார்கள். அட்வென்ட்நெட் வாசலுக்கும் வந்தார்கள். வேம்பு யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

ஏன் என்பதைப் பிற்காலத்தில் பல பேட்டிகளில் அவர் விளக்கியிருக்கிறார். வெளி முதலீட்டாளரின் பணம் சும்மா வருவதில்லை. அதற்கு ஒரு கெடு உண்டு. இத்தனை ஆண்டுகளுக்குள் கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். அப்போதுதான் பணம் போட்டவருக்கு லாபம் கையில் வரும். கெடுவுக்குள் விற்றாக வேண்டும் என்று ஆனபிறகு, வாங்குபவர் சொல்வதுதான் விலை. புளியங்குடி மண்டியில் மூட்டையை இறக்கிய எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கூட இருந்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகக்கூடப் பட்டிருக்கலாம். சுற்றிலும் எல்லோரும் வாங்கும்போது ஒருவர் மட்டும் வேண்டாம் என்பதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

2001-ல் குமிழி உடைந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர்கள் அவர்கள்தானே? பெரும்பாலோர் காணாமல் போனார்கள். நிறுவனத்தை மூடிவிட்டு மறுபடி ஏதாவது வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் கையில் சேமிப்பு இருந்தது, கடன் இல்லை, வாசலில் கெடு சொல்லி நிற்பவரும் இல்லை. வேலை இல்லாத பொறியாளர்களை வீட்டுக்கு அனுப்பாமல், புதிதாக ஏதாவது செய்து பாருங்கள் என்று உட்காரவைத்தார்கள். அந்த ஓய்ந்த நாட்களில் பிறந்ததுதான் அலுவலகக் கணினிகளை நிர்வகிக்கும் 'மேனேஜ் எஞ்சின்' வரிசை மென்பொருள்கள். 2005-ல் இணையத்தில் இயங்கும் ஜோஹோ மென்பொருள்கள் வந்தன. 2009-ல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ என்று மாறியது. 2022-ல் ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். இன்றுவரை பங்குச் சந்தைப் பக்கம் போகவில்லை.

இதில் எல்லோரும் கொண்டாடுவது அந்த 100 கோடி டாலரைத்தான். அதைவிட முக்கியமான பாடம் 2001-க்குள் இருக்கிறது. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிருந்தது வேம்புவின் தவறு. நல்ல காலத்தில் அது தவறாகவே தெரியவில்லை. கெட்ட காலம் வந்தபிறகுதான் தெரிந்தது. தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருந்தது மட்டும்தான் மற்ற கம்பெனிகளுக்கும் இந்தக் கம்பெனிக்கும் இடையிலான வித்தியாசம்.

வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஒரே ஒரு கடைக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவரா நீங்கள்? ஒரே ஒரு ஓட்டலுக்கு மட்டும் இட்லி மாவு சப்ளை செய்பவரா? அந்த ஒரு கடை நாளைக்கு ஷட்டரை இறக்கினால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்று இன்றைக்கு ராத்திரி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஆறு என்று வந்தால் நிம்மதி. ஒன்று என்று வந்தால், அடுத்த வாடிக்கையாளரைத் தேடும் வேலை இப்போதே ஆரம்பிக்க வேண்டியது.

ஆறு பேர் வகுப்பு

காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. 2005-ல் நிறுவனம் ஒரு வேலை செய்தது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்து, வசதியில்லாததால் மேலே படிக்காத பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத் தாங்களே பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். முதல் வகுப்பில் ஆறே பேர். கட்டணம் கிடையாது, அதற்கு மேல் மாதாமாதம் உதவித்தொகை வேறு. கணிதம், கணினி, ஆங்கிலம். பிறகு நிறுவனத்திலேயே வேலை.

பெற்றோர் பக்கமிருந்து பாருங்கள். 'பீஸ் வாங்காம காலேஜா? டிகிரி கிடையாதா? அப்போ கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கும்போது என்ன சொல்றது?' என்று கேட்காத வீடு நம் ஊரில் உண்டா? அந்தத் தயக்கத்தைத் தாண்டித்தான் பிள்ளைகள் வந்தார்கள். இன்று 'ஜோஹோ ஸ்கூல்ஸ்' என்ற பெயரில் அந்தப் பயிற்சி தென்காசியிலும் நடக்கிறது. பட்டமே இல்லாமல் அங்கிருந்து வந்தவர்கள் நிறுவனத்தில் பொறியாளர்களாகவும் குழுத் தலைவர்களாகவும் இருக்கிறார்கள்.

இதற்கும் எலுமிச்சைக்கும் ஒரு கணக்குப் பொருந்துகிறது. எலுமிச்சைக் கன்று நட்டால் மூன்று, நான்கு வருடம் கழித்துத்தான் காய்க்க ஆரம்பிக்கும். நல்ல மகசூல் பார்க்க இன்னும் சில வருடம். அதுவரை தண்ணீர், உரம், களையெடுப்பு என்று செலவு மட்டுமே. பதினேழு வயதுப் பையனை எடுத்துப் பொறியாளராக்குவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்கு லாபக் கணக்குக் காட்டியே தீர வேண்டிய கம்பெனி, ஆறு பேர் வகுப்பை இரண்டாம் வருடமே மூடியிருக்கக்கூடும்.

தென்காசிக்கு ஏன் வந்தார்கள்?

2011-ல் மத்தளம்பாறையில் சின்னக் குழு ஒன்றோடு அலுவலகம் தொடங்கியபோது, இது ஏதோ சேவை நோக்கம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். வயல் நடுவே கம்ப்யூட்டர் கம்பெனி. கரண்ட் போனால்? இன்டர்நெட் கட் ஆனால்? வெளியூரிலிருந்து யார் வந்து வேலை பார்ப்பார்கள்?

2016-ல் வெளிவந்த 'ஜோஹோ டெஸ்க்' அதற்குப் பதிலானது. வாடிக்கையாளர்களின் புகார்களையும் கேள்விகளையும் கையாள்வதற்கு நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் இது. இதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு தென்காசி அலுவலகத்துக்குத்தான். உலகின் ஏதோ ஒரு நகரத்தில் ஒரு வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் போகிறது என்றால், அதன் பின்னணியில் குற்றாலச் சாரலில் நனைந்த யாரோ ஒருவரின் வேலை இருக்கலாம்.

இதில் சேவை மட்டும் இல்லை, கெட்டியான வியாபாரக் கணக்கும் இருக்கிறது. சென்னையில் வாடகைக்கும் போக்குவரத்துக்கும் போகிற சம்பளம் இங்கே மிச்சமாகிறது. அம்மா அப்பாவோடு இருக்கிற பையன் அடிக்கடி வேலை மாற மாட்டான். ஆட்கள் நிலைத்தால் அனுபவம் கம்பெனிக்குள்ளேயே தங்கும்.

2019-ல் வேம்புவே அமெரிக்காவிலிருந்து தென்காசிப் பக்கம் வந்து குடியேறினார். தென்காசி தனி மாவட்டமானதும் அதே ஆண்டு நவம்பரில்தான். கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு அவர் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அது வளர்ந்து இலவசப் பள்ளியானது. 2021-ல் பத்மஸ்ரீ.

தோற்ற கணக்குகளும் உண்டு

காத்திருந்ததெல்லாம் கனிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். 'அரட்டை' செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் உங்கள் போனிலேயே அது இருக்கலாம். 2021-ல் அறிமுகமானபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. நாலு வருடம் அப்படியே கிடந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று நாடே அதைத் தரவிறக்கியது. மூன்றே நாளில், ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் 3,50,000 பேர் சேர்ந்தார்கள் என்று வேம்பு தெரிவித்தார். அவ்வளவு கூட்டத்துக்கு சர்வர்கள் தயாராக இல்லை. ஓ.டி.பி. வரவில்லை என்று புகார்கள் குவிந்தன. வாட்ஸ்அப்பில் இருப்பதுபோல், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பாதுகாப்பு எழுத்துச் செய்திகளுக்கு அப்போது இல்லை என்ற குறையும் எழுந்தது. கதவைத் திறந்துவைத்து நாலு வருடம் காத்திருந்தவர்கள், விருந்தாளி வந்த அன்றைக்குத்தான் இலை போடத் தொடங்கினார்கள்!

இன்னொன்று சிப் தயாரிப்பு. 2024-ல் செமிகண்டக்டர் தொழிற்சாலை தொடங்க ஜோஹோ திட்டமிடுவதாகச் செய்திகள் பரபரத்தன. சுமார் 70 கோடி டாலர் முதலீடு என்றார்கள். 2025 மே மாதம் வேம்பு அதை நிறுத்திவைத்தார். அதற்கு அரசின் பணம் வேண்டும், அதாவது மக்களின் வரிப்பணம். அதை வாங்குவதற்கு முன் தொழில்நுட்பத்தில் தங்களுக்கே முழு நம்பிக்கை வர வேண்டும், அது வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அறிவித்துவிட்டோமே, ஊர் என்ன சொல்லும் என்று பிடிவாதமாக இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட முதலாளிகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த முடிவின் கனம் தெரியும். 2000-ல் அடுத்தவர் பணத்துக்கு அவர் சொன்ன அதே 'வேண்டாம்'தான் இது, கால் நூற்றாண்டு கழித்து.

2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியையும் விட்டுக்கொடுத்தார். ஆரம்ப காலத்திலிருந்து கூடவே இருக்கும் சைலேஷ் குமார் டேவி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வேம்பு, ஆராய்ச்சியைக் கவனிக்கும் தலைமை விஞ்ஞானி ஆனார்.

கையில் காசிருப்பவர் காத்திருக்கலாம்... மற்றவர்கள்?

நியாயமான கேள்வி. பிரின்ஸ்டன் பட்டமும் அமெரிக்க வாடிக்கையாளர்களும் உடன்பிறந்தவர்களின் துணையும் இருந்தவர் முதலீட்டாளரைத் திருப்பி அனுப்பலாம். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய விவசாயி, ஐப்பசி மாத ஏலத்தில் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியுமா? 'பொறுத்தார் பூமியாள்வார்' என்று அவரிடம் போய்ச் சொன்னால் அடிக்க வருவார்.

ஆனால் எலுமிச்சையிலும் காத்திருக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள வழிகள் இருக்கின்றன. முதல் வழி தோட்டத்திலேயே. ஐப்பசி வாக்கில் மரம் பூத்தால் சித்திரை, வைகாசியில் பழம் கிடைக்கும். அதற்காகக் குறிப்பிட்ட காலம் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டு, பிறகு உரமும் நீரும் கொடுத்துப் பூக்கவைக்கும் முறை தோட்டக்கலையில் உண்டு. அந்த நேரத்தில் மழை பெய்தால் கணக்குத் தப்பும். ஆனாலும் எல்லோருடைய பழமும் வரும் நாளில் தன் பழமும் வராமலிருக்க இது ஒரு முயற்சி.

இரண்டாவது வழி சமையலறையில். பழமாக இருந்தால் பத்து நாள், ஊறுகாயாக இருந்தால் ஒரு வருடம். உப்பில் போட்டு வெயிலில் வைத்த எலுமிச்சைக்கு மண்டிக்காரரைக் கண்டு பயமில்லை. பாட்டிமார்கள் காலங்காலமாகச் செய்துவந்த இந்த வேலையை, மழைக்கால விலைச்சரிவுக்கான காப்பீடாக மகளிர் குழுக்கள் எடுத்துச் செய்யலாம். பெரிய இயந்திரம் வேண்டாம். சுத்தமான பாட்டில், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, ஒழுங்கான லேபிள் ஆகியவை இருந்தால் தொடங்கலாம். விற்பதுதான் சிரமம். அங்கேதான் அந்த ஒரே வாடிக்கையாளர் பாடம் மறுபடி வருகிறது. ஊர்த் திருவிழாவில் ஸ்டால் போட்டதோடு நிறுத்தினால் அடுத்த திருவிழா வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி பெயர். 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் பூட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் இருப்பதுபோல் இனி இந்தப் பழத்துக்கும் ஊர் முத்திரை. முத்திரை வந்ததும் விலை வந்துவிடாது. புளியங்குடிப் பழம்தான் வேண்டும் என்று சென்னையிலும் மதுரையிலும் கேட்டு வாங்கும் ஆட்கள் உருவானால்தான் வரும். பால்கோவாவுக்கு அது நடந்திருக்கிறது. எலுமிச்சைக்கு இப்போதுதான் கன்று நட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 என்ற எலுமிச்சை ரகம் பல மாவட்டங்களில் பயிராகிறது. அதன் தாய்மரம் கடையம் பகுதியைச் சேர்ந்தது. கடையத்து மரங்களைப் பார்த்து, நன்றாகக் காய்த்ததைத் தேர்ந்தெடுத்து, வருடக்கணக்கில் சோதித்து வெளியிட்ட ரகம். வேம்பு குடியேறிய கோவிந்தப்பேரியும் அந்தக் கடையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்த சித்திரைக்கு விலை எப்படி இருக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. புளியங்குடியில் நாளை காலையும் ஏலம் உண்டு.